ஒரு யூனிட், அரை யூனிட்: செம்பனின் கொப்பியிலிருந்து

பூனைக்குச் சீனி வருத்தம் வந்தால் வீட்டில் முதலில் அறிவது எறும்புகள்தான். மண் தட்டில் நனைந்த இடத்தைத் தேடி ஒரு வரிசை வந்துவிடும். பழைய ஆயுர்வேத நூல்கள் மனிதரின் மதுமேகத்துக்குச் சொன்ன அதே அடையாளம். கொழும்பு கொம்பனித்தெருவின் ஒழுங்கை வீடுகளில் குசினியும் குளியலறையும் பூனையின் தட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கவனிக்கிற கண்ணுக்கு இது தப்பாது.

அடுத்தது தண்ணீர். எங்கள் பூனை செம்பன் குளியலறை வாளியின் விளிம்பில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி நின்று நக்கிக்கொண்டே இருப்பான். நிறுத்துவான், மூச்சு விடுவான், மறுபடி குனிவான். சாப்பாட்டுக்குக் கத்துவான், வைத்ததை எல்லாம் தின்பான், ஆனாலும் தடவும்போது முதுகெலும்பு விரலில் தட்டுப்படத் தொடங்கியது. மூன்றாவது அடையாளத்தைத்தான் பலர் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள்: பின்னங்காலை விரல்நுனியில் ஊன்றாமல், குதி வரைக்கும் நிலத்தில் பட நடப்பது. சீனி நரம்பைத் தாக்குவதால் வருவது அது. கட்டுப்பாட்டுக்குள் வந்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திருந்தும்.

*

நடுவயது தாண்டிய, விதை நீக்கிய, கொழுத்த ஆண் பூனை. இந்த நோய் அதிகம் தேடிப் போகிற வீடு இதுதான். பிரித்தானியாவில் எண்ணிப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 200 பூனைகளில் ஒன்றுக்கு என்கிறார்கள்.

நாய்க்கு வருவது பெரும்பாலும் இன்சுலின் அடியோடு வற்றிப்போகிற வகை. பூனைக்கு வருவது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகையை ஒத்தது. உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காமல் போகும்; கணையம் களைத்துப்போகும்; அதன் கலங்களுக்கு நடுவே அமிலாய்ட் என்ற புரதம் படியும். மனிதனுக்கும் பூனைக்கும் அந்தப் படிவு ஒரே மாதிரி. ஆனால் பூனையிடம் ஒரு நல்ல செய்தி உண்டு. உயர்ந்த சீனியே கணையத்தை அமுக்கி வைத்திருக்கும். அந்தச் சீனியை ஆரம்ப மாதங்களிலேயே இறக்கிவிட்டால் கணையம் எழும்பி, ஊசியே வேண்டாத நிலைக்குச் சில பூனைகள் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் நடக்காது. ஆனால் இதை அறிந்தவர் முதல் மாதங்களை வீணாக்க மாட்டார்.

மருந்தால் வருவதும் உண்டு. தோல் அரிப்புக்கு அடிக்கடி போடுகிற ஸ்டீரொயிட் ஊசி, பெண் பூனை குட்டி போடாமல் இருக்கப் போடுகிற கர்ப்பத்தடை ஊசி, இரண்டுமே சீனியைக் கிளப்பக்கூடியவை. மிருக வைத்தியரிடம் போகும்போது கடந்த வருடத்தில் போட்ட ஊசிகளை எல்லாம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

*

கிளினிக்கில் ஒரு தடவை எடுத்த சீனியை மட்டும் நம்பி நோய் என்று முடிவுகட்ட முடியாது. கூடைக்குள் அடைத்து, ஓட்டோவில் யூனியன் பிளேஸ் இரைச்சலுக்குள்ளால் கொண்டுபோய், நாய்கள் குரைக்கிற இடத்தில் மேசையில் வைத்து எடுத்தால், நோயே இல்லாத பூனைக்கும் பயத்தில் 300 (மி.கி./டெ.லீ.) காட்டலாம். அதனால்தான் நல்ல டொக்டர் சிறுநீரையும் பார்ப்பார். இயலுமானால் ஃபுருக்டோசமின் என்ற பரிசோதனைக்கும் அனுப்புவார். அது கடந்த ஓரிரு கிழமைச் சீனியின் சராசரியைச் சொல்லும். ஒரு நாள் பயம் அதை ஏமாற்றாது.

வீட்டில் அளக்கப் பழகவேண்டியதற்கும் இதே காரணம். பூனையின் உண்மையான சீனி அது படுக்கிற இடத்தில்தான் தெரியும்.

*

இன்சுலின் கதையில் விலங்குகளின் கடன் பெரிது. 1889இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபொன் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்த பிறகுதான் இந்த நோயின் இருப்பிடம் பிடிபட்டது. 1921இல் டொரொன்டோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் நாய்களில்தான் சாற்றைப் பரீட்சித்தார்கள். 1922 ஜனவரியில் அது முதல் மனிதனுக்கு, லெனார்ட் தொம்சன் என்ற பதின்மூன்று பதினான்கு வயதுப் பையனுக்கு, ஏறியது. அதன் பிறகு ஆறு தசாப்தங்கள், 1982இல் ஆய்வுகூட மனித இன்சுலின் விற்பனைக்கு வரும்வரை, உலகத்து நோயாளிகள் மாட்டின் கணையத்திலும் பன்றியின் கணையத்திலும் இருந்து எடுத்ததில்தான் உயிர் வாழ்ந்தார்கள்.

பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் ஒரேயொரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். மனிதனுடையதற்கும் பூனையுடையதற்கும் நான்கு. நான்கு வித்தியாசம் இருந்தும் மனித இன்சுலின் பூனையில் வேலை செய்கிறது. செம்பனுக்கு ஏறுவதும் பார்மசியில் மனிதருக்கு விற்கிற கிளார்ஜின் என்ற இன்சுலின்தான். மிருகங்களுக்கென்றே செய்த இன்சுலின்களும் உண்டு. கனின்சுலின் பன்றியுடையது. புரோசின்க், 2009இல் அமெரிக்காவில் பூனைகளுக்கென்று அனுமதி பெற்றது.

*

இந்தக் கொப்பியில் சிவப்பு மையில் எழுதிய பக்கம் இது. யாராவது ஒரு பக்கம் மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசிக்கட்டும்.

இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவில் வருகிறது. ஒரு மில்லிலீற்றரில் 100 யூனிட் இருப்பது யூ-100. 40 யூனிட் இருப்பது யூ-40. மனிதருக்கான கிளார்ஜின் பெரும்பாலும் யூ-100. மேலே சொன்ன மிருக இன்சுலின்கள் யூ-40. இந்தியாவில் மனிதருக்கான குப்பிகளே இன்னும் பல யூ-40ஆக விற்பனையாகின்றன. சென்னைக்குப் போய் வருகிற சொந்தக்காரரிடம் "அங்கே மலிவு, ரெண்டு குப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிடுவது கொழும்புத் தமிழ் வீடுகளில் சாதாரணம். வருகிற குப்பி யூ-40. வீட்டில் இருக்கிற சிரிஞ்ச் யூ-100. அல்லது மறுபக்கமாக.

கணக்கைப் பாருங்கள். டொக்டர் சொன்னது 2 யூனிட். யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் 2 கோடு வரைக்கும் இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். நாலரைக் கிலோ உடலுக்கு 5 யூனிட் என்பது இரவுக்குள் வலிப்பில் முடியலாம். யூ-40 மருந்தை யூ-100 சிரிஞ்சில் 2 கோடு இழுத்தால் போவது 0.8 யூனிட், பூனை சாகாது, ஆனால் மருந்து கேட்கவில்லை என்று எண்ணி அளவை ஏற்றிக்கொண்டே போவார்கள். பிறகு ஒரு நாள் சரியான சிரிஞ்ச் கிடைக்கும். அன்றைக்குத்தான் ஆபத்து.

வழக்கமாக யூ-40 சிரிஞ்சின் மூடி சிவப்பு, யூ-100 மூடி செம்மஞ்சள். நிறத்தை மட்டும் நம்பாமல் குழாயில் அச்சடித்திருக்கிற எண்ணை வாசியுங்கள். குப்பியில் இருக்கிற எண்ணும் சிரிஞ்சில் இருக்கிற எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். பார்மசியின் முன்னால் நின்றே பாருங்கள், வீட்டுக்கு வந்த பிறகல்ல.

சிரிஞ்சிலும் 0.3 மில்லிலீற்றர் அளவுள்ளதைத் தேடி வாங்குங்கள், அரை யூனிட்டுக்கும் கோடு போட்டது. வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு கடையில் இருக்கும், கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் இருக்கும், நடுவில் பத்துக் கடையில் இருக்காது. அலைந்தாலும் அதுதான் வேண்டும். ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சில் ஒரு யூனிட் என்பது கண்ணுக்கு ஒரு மயிரிழை. அதில் அரையை எப்படிப் பிரிப்பது?

*

ஊசி போடுவது. பயப்படுகிறவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

கிளார்ஜின் தண்ணீர் போலத் தெளிந்திருக்கவேண்டும். கலங்கினால், உள்ளே தூசு மாதிரி மிதந்தால், எறியவேண்டியதுதான். அதைக் குலுக்கவும் வேண்டாம், எதனோடும் கலக்கவும் வேண்டாம். அமிலத்தன்மையில் கரைந்து இருக்கிற மருந்து அது. தோலுக்குக் கீழே போனதும் உடலின் தன்மை பட்டு மிக நுண்ணிய துகள்களாகப் படிந்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஏறும். தண்ணீர் கலந்தால் அந்த ஏற்பாடு கெட்டுவிடும். பால் போலக் கலங்கிய வகை இன்சுலின் என்றால் கலக்குகிற முறை வேறு. உறையில் இருக்கிற தாளின்படி செய்யுங்கள்.

சிரிஞ்சைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, காற்றுக் குமிழைச் சுண்டி வெளியேற்றுங்கள். ஒரு யூனிட் போடுகிற இடத்தில் கடுகளவு குமிழும் பாதி மருந்தைத் தின்றுவிடும். பூனை சாப்பிடத் தொடங்கியதும் பக்கத்தில் உட்காருங்கள். கழுத்துப் பிடரியைவிட விலாப் பக்கமோ வயிற்றின் ஓரமோ நல்லது. இரண்டு விரலால் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, கூடாரத்தின் வாசலில் ஊசியை நுழைத்து, அழுத்தி, ஒரு மூச்சு நேரம் விட்டு எடுத்தால் முடிந்தது. செம்பன் தட்டிலிருந்து தலையையே தூக்குவதில்லை. அந்த ஊசி மயிரளவு. சீனி அளக்கக் காதில் குத்துகிற லான்செட்தான் அவனுக்குக் கொஞ்சம் எரிச்சல்.

பிறகு அந்த இடத்து மயிரைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்து, ஆஸ்பத்திரி வார்ட்டில் வருகிற மாதிரி ஒரு மருந்து வாடை அடித்தால், ஊசி மறுபக்கத்தால் வெளியே வந்து மருந்து மயிரில் கொட்டியிருக்கிறது. அப்போது செய்யவேண்டியது ஒன்றுமில்லை. மறுபடி போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாத நிலையில் இன்னொரு ஊசி போடக்கூடாது. ஒரு வேளை மருந்து தவறினால் பூனை ஒரு நாள் கூடத் தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான். ஒரு வேளை மருந்து இரட்டித்தால் உயிர் போகலாம். வீட்டில் இரண்டு பேர் ஊசி போடுகிறவர்கள் என்றால் போட்டவுடன் கொப்பியில் நேரம் எழுதிக் கையெழுத்து வையுங்கள். "நீ போட்டியா நான் போட்டேனா" என்ற கேள்வி எழும்பவே கூடாது.

*

நேரம். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. நான் காலை ஆறரை, மாலை ஆறரை என்று வைத்தேன். மாலையில் மஃரிப் பாங்கு கேட்டதும் போடலாம் என்றுதான் முதல் யோசனை. ஆனால் பாங்கு சூரியனோடு நகருகிறது, வருடத்துக்குள் அரை மணித்தியாலத்துக்கு மேல் முன்பின்னாகிறது. கொம்பனித்தெரு ஸ்டேஷனுக்கு வருகிற ரயிலை நம்பவே முடியாது. போனில் அலாரம்.

*

அளவு. டொக்டர் ஆரம்பித்தது ஒரு யூனிட், இரு வேளை. எவ்வளவு கூடிய சீனி என்றாலும் பூனைக்கு இப்படிக் கீழிருந்துதான் தொடங்குவார்கள். "400 இருக்கு, ஒரு யூனிட் என்னத்துக்குக் காணும்?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். கேட்பது இயல்பு. நம் வீடுகளில் பெரியவர்கள் சீனியைப் பார்த்துவிட்டு அன்றைக்கு இரண்டு யூனிட் கூட்டிப் போடுவதைக் கண்டு வளர்ந்திருக்கிறோம். பூனையிடம் அந்தக் கணக்கு செல்லாது. இந்த மருந்தின் முழுவேலையும் தெரிய நாள் எடுக்கும். கூட்டுவதானால் அரை யூனிட். கூட்டிவிட்டு ஐந்து முதல் ஏழு நாள் பொறுக்கவேண்டும். இன்றைய எண்ணைப் பார்த்து இன்றைக்கே மாற்றுகிறவர் தன் பூனையை ஒருநாளும் அறியப்போவதில்லை.

சீனி அளக்க இரத்தம் எடுப்பது காதில். அதன் வெளி ஓரத்தில் ஒரு மெல்லிய நாளம் ஓடுகிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் வைத்துச் சூடாக்கி, துளி மயிருக்குள் பரவாமல் மணியாக நிற்க வஸ்லினை மெல்லியதாகப் பூசி, உட்பக்கம் பஞ்சை அண்டக் கொடுத்துக் குத்தவேண்டும். மிளகில் பாதி அளவு இரத்தம் போதும்.

மனிதருக்கான குளுக்கோமீற்றர் பூனையில் கொஞ்சம் குறைத்தே காட்டும். மனித இரத்தத்தில் சிவப்பணுக்களுக்குள்ளும் கணிசமான சீனி இருக்கும். பூனையில் ஏறக்குறைய எல்லாம் வெளி நீரில். கருவி மனிதக் கணக்கில் செய்தது. மிருகங்களுக்கான மீற்றரை வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஒரே மீற்றரை மாற்றாமல் பாவித்து, எது என்று டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்போது கொப்பியில் ஒரு நாள்:

காலை 6.30: 312. ஊசி, சாப்பாடு.
8.30: 251
10.30: 168
12.30: 121
2.30: 149
4.30: 230
6.30: 290

இதைக் காட்டி, கூட்டவா குறைக்கவா என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் 312ஐயும் 290ஐயும் பார்த்துக் கூட்டச் சொல்வார்கள். பார்க்கவேண்டிய எண் 121. மருந்து தன் முழுப் பலத்தில் நிற்கிற நேரம் அது. நடுப்பகலில் 80க்கும் 150க்கும் இடையில் சீனி இறங்குகிறது என்றால் அந்த அளவு சரி. இதற்கு மேல் கூட்டினால் காலை எண் இறங்கமுன் நடுப்பகல் எண் ஆபத்துக்குள் போய்விடும். சில வேளை அப்படி அதிகம் இறங்கியதும் உடல் பயந்து தன் சேமிப்பிலிருந்து சீனியைக் கொட்டும். மாலையில் 400 காட்டும். அதைப் பார்த்து இன்னும் கூட்டினால் பூனை ஒரு நாள் நடுப்பகலில், வீட்டில் ஆளில்லாத நேரத்தில், விழுந்து கிடக்கும்.

நான் இந்தக் கொப்பியில் இருந்து கற்றது இதுதான்: அளவைத் தீர்மானிப்பது அன்றைய தாழ்ந்த எண். ஊசிக்கு முன்னால் எடுக்கிற எண் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில்: இப்போது போடலாமா, கூடாதா? எங்கள் டொக்டர் கீறித் தந்த கோடு 200. அதற்குக் கீழே என்றால் போடாமல் அவருக்குப் போன். உங்கள் டொக்டரிடம் உங்கள் பூனைக்கான கோட்டை முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

நாள் முழுக்கக் காதில் குத்த இயலாதவர்களுக்கு, மனிதர் கையில் ஒட்டுகிற சென்சர் இருக்கிறது. மயிரைச் சிரைத்துப் பூனையின் முதுகில் ஒட்டலாம். பதினான்கு நாள் என்று பெட்டியில் இருக்கும். பூனை அதற்கு முன்பே பிய்த்தெறிவதும் உண்டு. ஒரு கிழமை இருந்தாலும் நிறையச் சொல்லிவிடும்.

*

சீனி இறங்கினால். தள்ளாடி நடப்பது, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது, கூப்பிட்டால் திரும்பாதது, அடங்காத பசி, கடைசியில் வலிப்பு. மீற்றர் 60க்குக் கீழே காட்டினால் மற்ற எல்லாவற்றையும் போட்டுவிட்டு இதைப் பாருங்கள். சாப்பிடக்கூடிய நிலை என்றால் உடனே சாப்பாடு. விழுங்க முடியாத நிலை என்றால் வாய்க்குள் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குளுக்கோஸ் தூளைத் துளி தண்ணீரில் குழைத்து முரசில் தடவிக்கொண்டே கிளினிக்குக்கு ஓடவேண்டும்.

கித்துள் பாணி தடவலாமா என்று கேட்டார்கள். வீட்டில் எப்போதும் இருக்கிற பொருள் என்பதால் நல்ல கேள்வி. பாணியில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், நாம் தேநீருக்குப் போடுகிற சீனி. அது குடலுக்குப் போய் உடைந்த பிறகுதான் இரத்தத்தில் ஏறும். தேனில் குளுக்கோஸ் நேரடியாகவே இருக்கிறது. குளுக்கோஸ் தூள் எல்லாவற்றிலும் மேல். ஒரு சின்னப் பெட்டி பிரிட்ஜ் மேலே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். மீண்டும் எழும்பி நடந்தாலும் டொக்டரிடம் காட்டவேண்டும். மருந்து இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

*

சாப்பாடு. ஒழுங்கையில் எல்லாப் பூனையும் வளர்வது சோற்றிலும் மீனிலும். மீன்கறிச் சட்டியைக் கழுவிய தண்ணீரில் சோறு பிசைந்து வைப்பார்கள். அன்போடு வைப்பதுதான். ஆனால் பூனை இறைச்சி தின்னிப் பிராணி. மாப்பொருளைக் கையாளுகிற நொதியம் அதன் ஈரலில் நம்மில் இருப்பது போல இல்லை. கடையில் கிலோக்கணக்கில் நிறுத்துத் தருகிற பூனை பிஸ்கட்டிலும் மாவு அதிகம். டின் சாப்பாடு மாவு குறைந்தது, ஈரம் கூடியது, சீனி வருத்தத்துக்கு நல்லது, ஆனால் விலை. கெட்டிக் குழம்போடு வருகிற வகையில் மாவு சேர்ந்திருக்கும், தவிருங்கள்.

நாங்கள் வந்து சேர்ந்த இடம்: அவித்த கோழி, கொஞ்சம் ஈரல், அவித்த மீன், முடிந்த நாளில் டின். வெறும் கோழியோ வெறும் மீனோ காலத்துக்கும் காணாது, கல்சியமும் விற்றமினும் குறையும். என்ன சேர்ப்பது என்று டொக்டர் எழுதித் தந்தார். பச்சை மீனில் சில வகை பூனையின் உடலில் உள்ள தயமினை அழிக்கும், ஆகவே அவித்தே கொடுப்பது.

ஒரு எச்சரிக்கை. சோற்றை நிறுத்தினால் சீனி வேகமாக இறங்கும். அன்றைக்கும் பழைய அளவு இன்சுலினையே போட்டால் விபரீதம். சாப்பாட்டை மாற்றப்போகிறீர்கள் என்றால் டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கொழுத்த பூனையைப் பட்டினி போட்டு மெலியவைக்கவும் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறிவிடும்.

*

எல்லாவற்றையும்விடச் சிரமமானது ஒழுங்கை. செம்பன் எங்கள் பூனை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு மூன்று வீட்டில் காலைச் சாப்பாடு. கீழ்வீட்டு மலாய் ஆன்டி பாணைப் பாலில் நனைத்து வைப்பார். முன்வீட்டுப் பிள்ளைகள் பிஸ்கட். நான் வாசலில் உட்கார்ந்து ஆன்டியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இவனுக்கும் சீனியா, மகள்? எனக்கு மாதிரியே?"

"அதேதான் ஆன்டி. உங்களைப் போல ஊசிதான்."

அவர் கொஞ்ச நேரம் செம்பனையே பார்த்தார். "அப்ப பாண் எனக்கும் இல்ல, இவனுக்கும் இல்ல" என்றார். பிள்ளைகளுக்கும் அவரே சொல்லிவிட்டார். அதன் பிறகு பிஸ்கட் நின்றது.

நாங்கள் யாழ்ப்பாணம் போகவேண்டி வந்தபோது ஊசி போட்டதும் அவர்தான். பல வருடமாகத் தன் வயிற்றில் தானே போட்டுக்கொள்கிறவர். செம்பனின் சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, "இவ்வளவுதானா? இது குருவிக்குப் போடுற அளவு" என்றார். குமிழ் இருக்கிறதா என்று நான் சொல்லாமலே பார்த்தார். காலையில் தன் விரலில் ஒரு குத்து, பிறகு செம்பனின் காதில் ஒரு குத்து, இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். ஊருக்குப் போகும்போது பூனையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பக்கத்தில் இன்சுலின் போடுகிற மனிதர் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். கொழும்பில் இல்லாமல் இருக்காது. ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக் கொடுங்கள்: பூனையின் சிரிஞ்ச் வேறு, பேனாவில் போடுகிற பழக்கத்தில் அளவு சுழற்றக்கூடாது.

*

கரண்ட். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். ஆன்டி அந்த நாட்களை இன்னும் கதைப்பார். எரிவாயு வரிசையில் ஒரு மகன், பெற்றோல் வரிசையில் ஒரு மகன், பார்மசியில் மருந்து இல்லை, இருக்கிற குப்பியைக் காப்பாற்ற மண்சட்டியில் ஈரத்துணி சுற்றி வைத்திருந்திருக்கிறார். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு நாடு முழுக்க மின் போன ஞாயிற்றுக்கிழமையும் எல்லோரும் முதலில் ஓடியது பிரிட்ஜைத் தேடித்தான்.

தெரிந்திருக்கவேண்டியது: திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும். திறந்த கிளார்ஜின் 30 பாகைக்குக் கீழே அறைச்சூட்டில் 28 நாள் தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. ஆகவே சில மணித்தியால மின்வெட்டு அதைக் கெடுக்காது. பிரிட்ஜைத் திறக்காமல் விட்டாலே போதும். நீண்டால் ரெஜிபோம் பெட்டி, ஐஸ்கட்டி, நடுவில் துணி. ஐஸ் நேரே படக்கூடாது. சூட்டைவிட உறைதல்தான் மோசம். ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது. பிரிட்ஜில் வைப்பதும் கதவுத் தட்டில், ஐஸ் அறையிலிருந்து தூரத்தில்.

மனிதருக்கே மருந்து தட்டுப்பட்ட நாட்டில் பூனைக்கு இன்சுலினா என்ற கேள்வியை என்னிடம் நேரே கேட்டவர் உண்டு. நியாயமான கேள்வி என்பதால் கணக்கோடு பதில் சொல்கிறேன். ஒரு கார்ட்ரிஜில் 300 யூனிட். செம்பன் நாளுக்கு இரண்டு மூன்று யூனிட். அரச ஆஸ்பத்திரிகள் நோயாளிக்கு இலவசமாகத் தருகிற மருந்தில் ஒரு சொட்டும் பூனைக்கு எடுக்கக்கூடாது. காசு கொடுத்து வாங்குவதுதான் முறை. 28 நாளில் அவனுக்குச் செலவாவது நூறு யூனிட்டுக்கும் குறைவு. மிச்சத்தைப் பிரிட்ஜிலேயே வைத்து, தெளிவாக இருக்கும்வரை இன்னும் சில கிழமை பாவிக்க மிருக வைத்தியர்கள் பலர் சம்மதிப்பார்கள். சீனி காரணமில்லாமல் ஏறத் தொடங்கினால் முதலில் சந்தேகப்படவேண்டியது அந்தப் பழைய குப்பியைத்தான்.

*

"ஊசி போட்டுக் கொன்னுடுங்கோ, பாவம், ஏன் கஷ்டப்படுத்துறீங்க" என்று சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் நினைப்பது நாளுக்கு இரண்டு தடவை நடக்கிற சித்திரவதையை. 2017இல் வெளியான, பல நாட்டு மிருக வைத்தியர்களிடம் கேட்டெடுத்த ஆய்வொன்றில், சீனி வருத்தம் என்று கண்ட உடனேயே பத்தில் ஒரு பிராணி கருணைக்கொலைக்குப் போகிறது என்று மதிப்பிட்டிருந்தார்கள். முதல் வருடத்துக்குள் இன்னொன்று. நோய் கொல்வதைவிட இந்தப் பயம் முந்திக்கொள்கிறது. அவர்கள் ஒரு தடவை வந்து செம்பன் தின்றுகொண்டிருக்கையில் ஊசி ஏறுவதைப் பார்க்கவேண்டும்.

குளிசையும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின், 2023இல் திரவமாக வெலாகிளிஃப்ளோசின். இரண்டும் சீனியைச் சிறுநீரால் வெளியேற்றுபவை, நாளுக்கு ஒரு தடவை. ஆனால் இன்சுலின் இதற்கு முன் போடாத, மற்றபடி சுகமாக இருக்கிற பூனைகளுக்குத்தான். மீற்றர் நல்ல எண் காட்டும்போதே இரத்தத்தில் கீற்றோன் ஏறி ஆபத்தாகிற பக்கவிளைவு உண்டு. பார்மசியில் மனிதருக்கு விற்கிற அதே குடும்பக் குளிசையைப் பாதி உடைத்துப் பூனைக்குக் கொடுக்க நினைக்கவே வேண்டாம்.

எவ்வளவு ஏற்றினாலும் சீனி இறங்காத பூனைகளும் உண்டு. பிரித்தானிய ஆய்வொன்றில் சீனி வருத்தப் பூனைகளில் நாலில் ஒன்றுக்கு வளர்ச்சி ஓமோன் மிகையாக இருந்தது. அளவு ஆறு, ஏழு யூனிட் என்று போனால் டொக்டரிடம் அதைக் கேளுங்கள். பல், சிறுநீர்ப்பை, எங்காவது கிருமி இருந்தாலும் இப்படித்தான் அடம் பிடிக்கும்.

*

கடைசியாக, பாவித்த ஊசி. மூடியைத் திருப்பிப் போட்டு ஷொப்பிங் பேக்கில் வீட்டுக் குப்பையோடு கட்டாதீர்கள். காலையில் ஒழுங்கைக்குள் வருகிற குப்பைத் தொழிலாளர்கள் பையைக் கையால் அழுத்தித்தான் வண்டியில் ஏற்றுகிறார்கள். பலருக்குக் கையுறை கிடையாது. பூனையின் ஊசி என்று அந்தக் கைக்குத் தெரியாது. குத்துப்பட்டவர் மாதக்கணக்கில் பயத்தோடு இரத்தம் சோதித்துக்கொண்டிருக்கவேண்டி வரும். தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு தடவையும் சிரிஞ்சை அதற்குள் போடுங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை டேப்பால் ஒட்டி, சிங்களத்திலும் தமிழிலும் ‘ஊசி’ என்று பெரிதாக எழுதி, உங்கள் மிருக வைத்தியரின் கிளினிக்கில் கொடுத்து அவர்களுடைய மருத்துவக் கழிவோடு சேர்க்கச் சொல்லுங்கள்.